மைக் இல்லாத மழைநாள்

அரியலூர் வட்டாரத்தில் காதுகுத்தோ, மஞ்சள் நீராட்டோ, தேர்த் திருவிழாவோ எது நடந்தாலும் ‘செல்லக்கண்ணு மைக்செட்’ என்று பக்கவாட்டில் எழுதிய குட்டியானை வண்டி ஒன்று வந்து நிற்கும். வண்டியும் குழாய் ஸ்பீக்கரும் செல்லக்கண்ணுவுடையவை. ஆனால் ஜனங்கள் தேடி வந்து கூப்பிட்டதென்னவோ அவன் பெண்டாட்டி பூமாலையின் குரலுக்காகத்தான். “மைக்செட்டு இல்லன்னாலும் பரவால்லங்க, உங்க வூட்டம்மாவ மட்டும் அனுப்பிவிடுங்க” என்று அவனிடமே கேட்டவர்கள் உண்டு. அவன் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

பூமாலை வரதராஜன்பேட்டைப் பக்கம் பிறந்தவள். அடுத்தவர் முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கிப் பிழைத்த குடும்பம். அரியலூர் கல்லூரியில் பி.காம். முடித்தாள். அந்தத் தெருவில் டிகிரி வாங்கிய முதல் பெண் அவள்தான். டிகிரி வந்தது, வேலை வரவில்லை. ஜெராக்ஸ் கடையில் நின்று பார்த்தாள், ஜவுளிக்கடையில் சேலை மடித்துப் பார்த்தாள். கல்யாணத்துக்கப்புறம் புருஷனோடு சேர்ந்து மைக்கைப் பிடித்தாள். அதில்தான் அவளுக்கு ஆனந்தம்.

ஒரு வருஷம் ஏலாக்குறிச்சி மாதா கோயில் திருவிழா. நிற்க இடமில்லாத கூட்டம். பச்சைச் சட்டை போட்ட பையன் ஒருத்தன் தாயைத் தவறவிட்டுவிட்டு மைக்செட் வண்டிக்கு வந்து சேர்ந்தான். வேறு யாராக இருந்தாலும் ‘குழந்தையைத் தொலைத்தவர்கள் உடனே வரவும்’ என்று அலறியிருப்பார்கள். பூமாலை மைக்கை வாயருகே வைத்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோலச் சொன்னாள்:

“பச்சைச் சட்டை போட்ட தம்பியோட அம்மா, தம்பி இங்க என் பக்கத்துல உக்காந்து பிஸ்கட்டு தின்னுக்கிட்டிருக்கான். அழல. ஒரு காயமும் இல்ல. நீங்க ஓடிவராதீங்க, கூட்டத்துல விழுந்துடுவீங்க. மெதுவா நடந்து கொடிமரத்துப் பக்கம் வாங்க.”

தாய் வந்து சேர்ந்தாள். அவளுக்குப் பின்னாலேயே கண்ணாடி போட்ட ஒரு மனிதரும் வந்து நின்றார். பெயர் ராஜராஜன். பெரம்பலூர்க்காரர். செந்துறை ரோட்டில் இருந்த ஒரு சிமெண்ட் ஆலையில் லாரிகளை ஏற்றி அனுப்பும் பிரிவுக்கு மேனேஜர்.

“எங்க லாரி யார்டுல மைக்ல பேச ஆள் வேணும்மா. வர்றீங்களா?”

“அங்க என்ன சார், திருவிழாவா நடக்குது?”

“தினமும் திருவிழாதான். கூட்டம் இருக்கு, தள்ளுமுள்ளு இருக்கு, சண்ட இருக்கு. சாமி ஒண்ணுதான் இல்ல.”

பூமாலை செல்லக்கண்ணுவைப் பார்த்தாள். அவன் ஒயரைச் சுருட்டிக்கொண்டே தலையாட்டினான். அவ்வளவுதான், அடுத்த வாரமே வேலையில் சேர்ந்துவிட்டாள்.

யார்டு என்பது ஒரு பெரிய பொட்டல். சிமெண்ட் ஏற்ற வரும் லாரிகள் வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு அங்கே வந்து வரிசையில் நிற்கும். மாடியறை ஒன்றிலிருந்து மைக்கில் கூப்பிட்டால், அந்த லாரி மூட்டை கட்டும் மெஷின்களில் ஒன்றுக்குக் கீழே போய் நிற்க வேண்டும். லோடுமேன்கள் மூட்டையை அடுக்குவார்கள். எடை போட்டு, தார்ப்பாய் கட்டி, கிளம்ப வேண்டியதுதான். சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் மெஷின் நிற்கும், மின்சாரம் போகும், வரிசை நகராது. டிரைவர்கள் வெயிலில் காய்ந்து வெடிப்பார்கள். பூமாலைக்கு முன்னால் அந்த மைக்கைப் பிடித்திருந்தவனின் பேச்சு இப்படி இருக்கும்: “ஏய் நாப்பத்தேழு! எங்கய்யா போய்த் தொலஞ்ச? வர்றதுன்னா வா, இல்ல வண்டிய எடு!”

முதல் நாள் காலை பூமாலை அந்த மாடியறையில் உட்கார்ந்து கண்ணாடி வழியே கீழே பார்த்தாள். வரிசை வரிசையாக லாரிகள். அவளுக்குள் பயம் கொஞ்சம், குதூகலம் மிச்சம். டோக்கனில் நம்பர் மட்டும் இருந்தது. வாசல் செக்யூரிட்டிக்குப் போன் போட்டு டிரைவர் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு மைக்கைப் போட்டாள்.

“அண்ணன்மார் எல்லாருக்கும் வணக்கம். வேம்பு அண்ணே, நீங்க ரெண்டாவது மெஷினுக்கு வாங்க. மெதுவா வாங்கண்ணே, எதுத்தாப்ல ஒரு வண்டி ரிவர்ஸ் எடுக்குது.”

யார்டு முழுக்க ஒரே சிரிப்பு. “யாருடா இது, பந்திக்குக் கூப்புடுற மாதிரி கூப்புடுது!” என்றான் ஒருத்தன். “எல போட்டாச்சான்னு கேளு மாமா!” என்றான் இன்னொருத்தன். வேம்பு என்கிற அந்த நரைமீசை டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. லாரியை மாடியறைக்குக் கீழே நிறுத்தி, தலையை வெளியே நீட்டி அண்ணாந்து பார்த்தார்.

“ஏம்மா, மீச மொளைக்கிறதுக்கு முன்னாலேருந்து வண்டி ஓட்டுறேன். எந்தக் கம்பெனி கொழாய்லயும் எம்பேரு வந்ததில்ல. இன்னொருக்கா சொல்லு பாப்பம்.”

பூமாலை சிரித்துக்கொண்டே மறுபடி மைக்கைப் போட்டாள். “வேம்பு அண்ணே! ரெண்டாவது மெஷினுக்கு வாங்க!”

விசில் பறந்தது. வேம்பு மீசையை முறுக்கிக்கொண்டு கியரைப் போட்டார்.

இப்படித் தொடங்கிய கதை நேராகவே போயிருந்தால் சொல்வதற்கு ஒன்றுமிருக்காது. சேர்ந்து ஒரு மாதம் ஆகுமுன்பே பூமாலை சறுக்கினாள்.

அன்று காலை மெஷின் எல்லாமே நின்றுபோனது. ராஜராஜன் போனில் கூப்பிட்டார். “அரை மணி நேரத்துல சரியாயிடும்னு மைக்ல சொல்லிடுங்கம்மா.”

“ஆயிடுமா சார்?”

“மொதல்ல சொல்லுங்க. அப்பறம் பாத்துக்கலாம்.”

சொன்னாள். இனிக்க இனிக்கச் சொன்னாள். அரை மணி போய், உச்சிவெயிலும் வந்தது. மறுபடி அதே அரை மணி. மறுபடியும் அதே. பொழுது சாயும்போதுதான் மெஷின் ஓடியது. அதற்குள் டிரைவர்கள் மாடிப்படி ஏறி வந்துவிட்டார்கள். முன்னால் வேம்பு.

“நாயே பேயேன்னு கத்துன பழைய ஆளே தேவலம்மா. அவன் பேச்ச நாங்க நம்பல, அதனால அடுப்பப் பத்தவச்சு சோறாக்கித் தின்னோம். உம்பேச்ச நம்புனோம், அதோ இதோன்னு பட்டினி கெடந்தோம்.”

திட்டியிருந்தால்கூடப் பூமாலை தாங்கியிருப்பாள். ‘நம்புனோம்’ என்ற அந்த ஒரு சொல்தான் அவளைச் சுட்டது. வீட்டுக்குப் போனதும் செல்லக்கண்ணுவிடம் கொட்டித் தீர்த்தாள். அவன் ஆம்ப்ளிபயரைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

“நீ சொன்னது பொய்யின்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க. நெசமான்னும் தெரியாது.”

“அப்ப அதயே சொல்லியிருக்கலாம்ல?”

மறுநாள் நேராக ராஜராஜன் அறைக்குப் போனாள். அவர் மேசையில் இரண்டு போன் மாறி மாறி அலறிக்கொண்டிருந்தது. ஒன்று சென்னை ஆபீஸ், ஒன்று சிமெண்ட் ஏஜெண்டுகள். கெட்ட மனிதர் இல்லை. நாலாபக்கமும் இடி வாங்கி, கிடைத்த பக்கம் இடிக்கிற மத்தளம்.

“சார், தெரியாதத இனிமே தெரியலன்னுதான் சொல்லுவேன்.”

“தெரியலன்னு சொன்னா, என்னடா கம்பெனி நடத்துறீங்கன்னு கேப்பானுங்க.”

“பொய் சொன்னா, என்ன பொம்பள நீன்னு கேக்குறாங்க சார்.”

“போங்கம்மா, போய் வேலையப் பாருங்க” என்று போனை எடுத்துக்கொண்டார். பூமாலை வெளியே வந்தாள். அன்றைக்கு மைக்கில் பெயர்களை மட்டும் கூப்பிட்டாள். வேறொன்றும் சொல்லவில்லை. யாரும் விசில் அடிக்கவுமில்லை.

அந்த மாதக் கடைசியில் சென்னை ஆபீஸிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. எல்லாருக்கும் சாஃப்ட் ஸ்கில்ஸ் பயிற்சியாம். பணியிடத்தில் மனிதர்கள் எப்படிப் பழகுவது, எப்படிப் பேசுவது என்று சொல்லித்தர பெரம்பலூரில் ஒரு கல்லூரியிலிருந்து கீதாஞ்சலி என்ற மேடம் வந்தார். கேண்டீன் கூடத்தில் பேனர் கட்டினார்கள். மேனேஜர் முதல் லோடுமேன் வரை எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்தார்கள்.

லோடுமேன்களுக்கு மேஸ்திரி தமிழ்மாறன். கட்டுமஸ்தான ஆள், வாய்த்துடுக்கும் அதே அளவு. பேனரைப் பார்த்துவிட்டுச் சத்தமாகவே சொன்னான்: “மூட்ட தூக்குறவனுக்கு என்னய்யா சாஃப்ட்டு? முதுகுல சாஃப்ட்டா ஒரு மூட்ட இருந்தா குடுங்க, தூக்குறோம்.” கூடமே சிரித்தது. பூமாலையும் சிரித்தாள். அவளுக்கும் இதில் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை.

கீதாஞ்சலியும் சேர்ந்து சிரித்தார். “அப்ப நீங்களே மொதல்ல வாங்கண்ணே. மேனேஜர் சார், நீங்களும் வாங்க.”

இருவரையும் முதுகோடு முதுகாக நாற்காலியில் உட்காரவைத்தார். ராஜராஜன் கையில் ஒரு படம்: வீடு, பக்கத்தில் மரம், மரத்துக்கு மேலே சூரியன். தமிழ்மாறன் கையில் வெள்ளைத்தாள். படத்தில் இருப்பதை ராஜராஜன் வாயால் சொல்ல வேண்டும், தமிழ்மாறன் வரைய வேண்டும். தமிழ்மாறன் கேள்வி கேட்கக் கூடாது. அதுதான் விதி.

ராஜராஜன் மடமடவென்று சொன்னார். “ஒரு கட்டம் போடு. மேல ஒரு முக்கோணம். பக்கத்துல ஒரு கோடு. அதுக்கு மேல வட்டம். அவ்வளவுதான், முடிஞ்சுது.”

தமிழ்மாறன் தாளை உயர்த்திக் காட்டினான். கட்டம் ஒரு மூலையில், முக்கோணம் எங்கோ உச்சியில், நடுவில் ஒரு கம்பு, கம்பின் நுனியில் குத்திவைத்த பணியாரம்போல ஒரு வட்டம். கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. ராஜராஜனுக்கு முகம் சிவந்துவிட்டது.

“நான் தெளிவாத்தான சொன்னேன்!”

“சொன்னீங்க சார். மேலன்னீங்க. எதுக்கு மேலன்னு கேக்கலாம்னா வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டாங்க.” தமிழ்மாறன் சற்று நிறுத்திவிட்டுச் சொன்னான்: “யார்டுலயும் அப்படித்தான சார்?”

சிரிப்பு பொட்டென்று நின்றது. எல்லாரும் மேனேஜரைப் பார்த்தார்கள். ராஜராஜன் அந்தப் பணியாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் எல்லாரும் பார்த்தார்கள்.

“இன்னொரு தடவ செய்வோம் மேடம்” என்றார். “இந்தத் தடவ அவன் கேக்கட்டும்.”

இரண்டாம் தடவை தமிழ்மாறன் கேள்வியாய்க் கேட்டுத் துளைத்தான். வாசல் எந்தப் பக்கம், மரம் எவ்வளவு உயரம், சூரியன் சிரிக்குதா சும்மா இருக்கா. வந்த படத்தில் வீடு வீடாகவே இருந்தது. கைத்தட்டலில் கூடம் அதிர்ந்தது. பூமாலைதான் மாடியறையிலிருந்து பேசுகிறாளே தவிர, கீழே இருப்பவர்கள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வழியே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கூட்டம் கலையும்போது ராஜராஜன் அவளிடம் வந்தார். “நாளைலேருந்து தெரியலன்னா தெரியலன்னே சொல்லுங்க. ஆனா மறுபடி எப்ப சொல்லுவீங்கங்கறதையும் சேத்துச் சொல்லிடுங்க.”

“அதோட இன்னொண்ணு சார். தெனம் காலையில டீ நேரத்துல டிரைவருங்க, லோடுமேனுங்க, நம்ம ஆபீஸ் எல்லாரும் கொஞ்ச நேரம் கூடிப் பேசணும். நான் கீழ எறங்கி வரேன்.”

“சண்ட போட்டுக்குவாங்கம்மா.”

“இப்பயும் அதத்தான சார் செய்யறாங்க?”

டீக்கூட்டம் தொடங்கியது. கீதாஞ்சலி மேடம் சொல்லித்தந்த ஒரு வழக்கத்தைப் பூமாலை அதில் கொண்டுவந்தாள். எதிராளி சொன்னதை முதலில் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் பதில் பேசலாம். முதல் நாள் வேம்பு சீறினார்: “மெஷின் நின்னாப் போதும், இவனுங்க சுருண்டு படுத்துக்கறானுங்க. அதான் வேல ஓடல.”

தமிழ்மாறன் எகிறப் போனான். பூமாலை கையைக் காட்டினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, “மெஷின் நின்னா நாங்க படுத்துக்கறோமாம். அதனால வேல ஓடலையாம்” என்று ஒப்பித்தான். பிறகு சொன்னான்: “எங்களுக்குக் கூலி மூட்டைக்கு இவ்வளவுன்னு. மெஷின் நின்னா கூலியும் நின்னுபோச்சு. காசில்லாத நேரத்துல படுக்காம பரதநாட்டியமாய்யா ஆடச் சொல்ற?”

இப்போது வேம்புவின் முறை. “மெஷின் நின்னா... இவங்களுக்குக் கூலி...” பாதியில் நிறுத்திவிட்டார். “நெசமாவா? மாசச் சம்பளம் இல்லையா உங்களுக்கு?”

“இல்லண்ணே.”

“அடக் கெரகமே!” என்றார் வேம்பு. இத்தனை வருஷம் ஒரே யார்டில் எதிரும் புதிருமாக முறைத்துக்கொண்டிருந்தவர்கள், அன்றைக்குத்தான் ஒருத்தர் பிழைப்பை ஒருத்தர் தெரிந்துகொண்டார்கள்.

அதற்காக எல்லாம் சுமுகமாகிவிட்டது என்றில்லை. டிரைவர்களில் சிலர் டீக்கூட்டத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாள் பூமாலையே பொறுமையிழந்து ஒரு கிளீனரிடம் கத்திவிட்டு, சாயங்காலம் அவனைத் தேடிப்போய்ச் சமாதானம் சொன்னாள். ஆனாலும் டீக்கூட்டத்தில் கேட்டுக் கேட்டுக் குடிதண்ணீர்க் குழாய் வந்தது, கக்கூசுக்குக் கதவு வந்தது, மைக்கில் ‘தெரியலண்ணே, சாப்பாட்டு நேரத்துக்கு மறுபடி சொல்றேன்’ என்று கேட்டால் டிரைவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போய் அடுப்பைப் பற்றவைத்தார்கள்.

பிறகு ஐப்பசி மழை வந்தது.

தீபாவளி நெருங்கிய சமயம். சிமெண்டுக்கு அடிதடி. லாரிகள் யார்டு நிறைந்து, வாசலைத் தாண்டி, மெயின்ரோட்டு ஓரம் வரை வால் நீண்டு நின்றன. விடிந்ததிலிருந்து கொட்டு கொட்டென்று மழை. பளீரென்று ஒரு மின்னல், காதைப் பிளக்கும் இடி. ஆலை முழுக்க மின்சாரம் போயிற்று. மெஷின் நின்றது. பூமாலையின் மைக்கும் செத்தது.

அந்த நேரம் பார்த்து முத்தமிழ்செல்வன் என்கிற இளவட்ட டிரைவர் ஒருத்தன், லோடு ஏறிய லாரி மேல் நின்று தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். கால் வழுக்கி மேலேயிருந்து விழுந்துவிட்டான். பக்கத்தில் நின்ற லோடுமேன்கள் அவனைத் தூக்கிக்கொண்டு முதலுதவி அறைக்கு ஓடினார்கள். மழைத்திரையில் தூரத்திலிருந்து பார்த்த எவனோ ஒருத்தன் என்னத்தைக் கண்டானோ, “லோடுமேனுங்க நம்ம பயல அடிச்சு இழுத்துட்டுப் போறானுங்க!” என்று கத்தினான்.

தீப்பிடித்தது மாதிரி பரவியது பேச்சு. வாசலுக்கு வருவதற்குள் அடி உதையாகி, உதை ரத்தமாகி, மெயின்ரோட்டுக்குப் போவதற்குள் பையன் உயிருக்கே போராடுகிறான் என்றாகிவிட்டது. டிரைவர்கள் நாலைந்து லாரிகளை ரோட்டுக்குக் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள். பள்ளிக்கூட வேன் ஒன்றும் டவுன்பஸ் ஒன்றும் அங்கேயே மாட்டிக்கொண்டன. இந்தப் பக்கம் லோடுமேன்கள் மூட்டை இழுக்கும் இரும்புக் கொக்கிகளோடு திரண்டுவிட்டார்கள். செய்யாத தப்புக்குப் பழி என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

பூமாலை மாடியறையிலிருந்து இரண்டு கூட்டத்தையும் பார்த்தாள். மைக் பொத்தானை அமுக்கினாள். சத்தமில்லை. மறுபடி அமுக்கினாள். இத்தனை பேருக்கு முன்னால் மைக் இல்லாமல் அவள் வாழ்நாளில் பேசியதில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

கீழே ராஜராஜன் நனைந்த கோழியாக நின்றார். கையில் போன். “போலீஸைக் கூப்புடுறேம்மா.”

“ஒரு நிமிஷம் சார். போலீஸ் வந்தா ரெண்டு பக்கமும் ஓடும், நாளைக்கு மறுபடி மொறச்சுக்கிட்டு நிக்கும். நான் ஒரு சுத்து போய்ப் பாத்துட்டு வந்துடுறேன்.”

அவர் போனைப் பையில் போட்டார். “தனியாப் போகாதீங்க. நானும் வரேன்.”

முதலில் வேம்புவிடம் போனாள். மழை இரைச்சலுக்கு மேலே அவர் கத்திக்கொண்டிருந்தார். பூமாலை அவர் கையைப் பிடித்தாள்.

“அண்ணே, நம்ம பய ஒருத்தன அடிச்சுட்டாங்க, அத நாம சும்மா வுடக் கூடாதுன்னு சொல்றீங்க. சரிதான?”

“ஆமா! பின்ன?”

“யாருண்ணே கண்ணால பாத்தது?”

வேம்பு திரும்பி அருகில் நின்றவனைப் பார்த்தார். அவன் அடுத்தவனைப் பார்த்தான். அவன் அதற்கடுத்தவனை. ஒருத்தனும் முன்வரவில்லை.

“அப்ப வாங்க, அடிபட்டவன்கிட்டயே கேப்போம். ஒத்த ஆளா நீங்க மட்டும் வாங்க.”

முதலுதவி அறையில் முத்தமிழ்செல்வன் பெஞ்சில் படுத்திருந்தான். கால் வீங்கியிருந்தது. தலைமாட்டில் தமிழ்மாறன் உட்கார்ந்து டம்ளரில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். வேம்புவைக் கண்டதும் பையன் பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னான்:

“வழுக்கிடுச்சுண்ணே. தமிழ்மாறன் அண்ணன்தான் தோள்ல போட்டுத் தூக்கியாந்தாரு. காலு உயிர் போவுது. அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கார் ரெடியா நிக்குதாம். ஆனா எவனுவளோ ரோட்ட மறிச்சுட்டானுங்களாம்ணே, கார் போவ வழியில்லயாம்!”

வேம்புவின் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. யாருக்காக ரோட்டை மறித்தாரோ, அவனுக்கே வழியில்லாமல் அடைத்து வைத்திருக்கிறார். தமிழ்மாறனைப் பார்த்தார். தமிழ்மாறன் டீ டம்ளரை நீட்டினான்.

“குடிங்கண்ணே, அப்பறம் பேசிக்கலாம்.”

“டீயாவது மண்ணாவது, எந்திரிடா தம்பி! ரோட்டத் தொறக்கணும்!” என்று வேம்பு அவன் தோளைத் தட்டினார். இரண்டு பேருமாகப் பையனைத் தூக்கிக் காரில் ஏற்றினார்கள்.

அப்புறம் அவர்கள் நடந்ததுதான் நடை! முன்னால் பூமாலை, ஒரு பக்கம் வேம்பு, மறுபக்கம் தமிழ்மாறன், பின்னால் ராஜராஜன், அவருக்குப் பின்னால் ஊர்ந்து வரும் கார். கொட்டுகிற மழையில் ஒவ்வொரு லாரியாக நின்று, ஒவ்வொரு ஜன்னலாகத் தட்டி, ஒவ்வொரு டிரைவரிடமும் சொன்னார்கள். “யாரும் அடிக்கல. வழுக்கி விழுந்துட்டான். தூக்குனதே இவங்கதான். ஆஸ்பத்திரிக்குப் போகணும், வழி வுடுங்க.” நம்பாதவனுக்கு முத்தமிழ்செல்வனே கார் ஜன்னலில் தலையை நீட்டி, “யோவ் மாமா, நல்லாத்தான்யா இருக்கேன், வண்டிய நவுத்தய்யா!” என்றான். வேம்புவையும் தமிழ்மாறனையும் ஒன்றாகப் பார்த்ததுமே பாதிப் பேருக்குப் பேச்சு தேவைப்படவில்லை.

ஒரு லாரி உறுமியது. இன்னொன்று உறுமியது. ரோட்டில் கிடந்த லாரிகளை எடுக்க வேண்டுமென்றால் பின்னால் நிற்பவை நகர வேண்டும். பின்னால் கண்ணே தெரியாத மழை. லோடுமேன்கள் கொக்கிகளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். லாரிக்கு ஒருத்தனாகப் பின்னால் நின்று குரல் கொடுத்தார்கள். “வா வா வா... ஒடி... இன்னும் ஒடி... போதும் போதும்... ரைட்டு!” ரோடெங்கும் அந்த ‘ரைட்டு’ சத்தம்தான். பூமாலையும் ஒரு லாரிக்குப் பின்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். குரல் கரகரத்து, உடைந்து, பாதி காற்றாக வந்தது. அதைப் பற்றி அவள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

ரோடு திறந்தது. கார் ஹார்ன் அடித்துக்கொண்டு அரியலூரைப் பார்த்துப் பறந்தது. பள்ளிக்கூட வேனில் இருந்த பிள்ளைகள் ஜன்னலெல்லாம் தலையாக, “ஹோ!” என்று கூவிக்கொண்டே போனார்கள். டிரைவர்களும் லோடுமேன்களும் திருப்பிக் கூவினார்கள்.

கூவி முடித்ததும் ஒருத்தன் கேட்டான்: “அதெல்லாம் சரி, மெஷின் எப்ப ஓடும்?”

எல்லாக் கண்ணும் பூமாலைமேல் திரும்பியது. அவளுக்கோ குரலே இல்லை. அப்போது ராஜராஜன் பக்கத்திலிருந்த லாரியின் படியில் ஏறி நின்றார். கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது.

“மெஷின் எப்ப ஓடும்னு எனக்குத் தெரியல” என்றார் உரக்க. “கரண்ட் ஆளுங்க வந்து பாத்துக்கிட்டிருக்காங்க. மத்தியானம் என்ன தெரியுதோ, நானே வந்து இதே எடத்துல சொல்றேன். அதுவரைக்கும் எல்லாரும் நம்ம கேண்டீன்ல சாப்புடுங்க. கம்பெனி சாப்பாடு.”

வேம்பு கையை உயர்த்தினார்.

“தெரியலன்னு சொன்ன மொத மேனேஜர் இவருதான்யா!”

விசில் கிளம்பியது பாருங்கள், மழை இரைச்சலே அடங்கிப்போனது மாதிரி இருந்தது. ராஜராஜன் வெட்கப்பட்டுக்கொண்டு படியிலிருந்து இறங்கினார்.

சொன்னபடி மத்தியானம் வந்து நின்றார். இன்னும் ஆகவில்லை என்றார். யாரும் கத்தவில்லை. மழை வெறித்த பிறகு மின்சாரம் வந்தது, மெஷின் ஓடத் தொடங்கியது. அன்றைக்கு லோடு ஏறிய வேகத்தை அந்த யார்டு அதற்கு முன் கண்டதில்லை. லோடுமேன்கள் மூட்டையை அடுக்க, டிரைவர்கள் தாங்களாகவே இறங்கிவந்து தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்தார்கள். ஒருத்தன் பாட்டை எடுத்துவிட, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடினார்கள். பூமாலை வெந்நீரை மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டு மாடியறையில் உட்கார்ந்திருந்தாள். மைக் உயிரோடு இருந்தது, தொண்டை இல்லை. தமிழ்மாறன்தான் அவளுக்குப் பதிலாக மைக்கில் கூப்பிட்டான். “அண்ணன்மாருக்கு வணக்கம்” என்று அவன் ஆரம்பித்ததும் கீழே எழுந்த சிரிப்பில் அவளும் சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தாள்.

வீட்டுக்குப் போனபோது செல்லக்கண்ணு பதறினான். “என்ன புள்ள, குரல எங்க வுட்டுட்டு வந்த?” அவள் கையை ஆட்டி, கண்ணை உருட்டி, நடந்ததையெல்லாம் நடித்தே காட்டினாள். அவன் விழுந்து புரண்டு சிரித்தான்.

முத்தமிழ்செல்வனுக்கு எலும்பில் விரிசல்தான். தை மாதம் மறுபடி வண்டி எடுத்துவிட்டான். மெஷின் நிற்கிற நேரத்துக்கும் லோடுமேன்களுக்கு ஏதாவது கூலி தர வேண்டும் என்று ராஜராஜன் சென்னை ஆபீஸோடு மல்லுக்கு நின்றார். கேட்டது முழுக்கக் கிடைக்கவில்லை, பாதி கிடைத்தது. மீதிக்குத் தமிழ்மாறன் இன்னும் டீக்கூட்டத்தில் மேனேஜரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறான்.

பூமாலைக்கு யார்டு ஒருங்கிணைப்பாளர் என்று புதுப் பதவி வந்தது. பதவியோடு ஒரு சேதியும் வந்தது. பெரம்பலூர் பக்கம் நெடுஞ்சாலையோரம் கம்பெனி புதுக் கிடங்கு ஒன்று திறக்கிறது, அங்கே யார்டை ஆரம்பத்திலிருந்தே அவள்தான் அமைத்துத் தர வேண்டும் என்றார்கள்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை பெரம்பலூர் பஸ்ஸைப் பிடித்துப் போய் இறங்கினாள். அறை இல்லை, மைக் இல்லை, மரம்கூட இல்லை. கொட்டிய செம்மண்ணும், அதில் கோணல்மாணலாக நின்ற லாரிகளும்தான். நடுவில் காண்ட்ராக்டரும் டிரைவர்களும் லோடுமேன்களும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்த்தொட்டியை எங்கே வைப்பது என்பதில் சண்டை. ஒருத்தர் சொல்வது ஒருத்தருக்குக் கேட்கவில்லை. புதிதாக வந்த பெண்ணை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பூமாலைக்கு உற்சாகம் பொங்கிக்கொண்டு வந்தது. கைப்பையைத் தோளில் இறுக்கி மாட்டிக்கொண்டு, செம்மண் சேற்றில் செருப்பு புதையப் புதைய, அந்தச் சத்தத்துக்கு நடுவில் போய் நின்றாள்.